சுருக்கத்தை நீக்கியவன்

கம்பியூட்டரில் சுருக்கத்தை நீக்கியது பிழையான வேலை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பல வருடங்களாக அந்தச் சரியான வேலையின் பின்னால்தான் நான் ஒளிந்திருந்தேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. மின்சாரம் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிற ஊரில், ஹார்ட் டிஸ்க்கைச் சுருக்கி வைத்திருப்பது ஆபத்து. இன்று அந்த இயந்திரத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாலும் அதையே செய்வேன். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னும் பின்னும் செய்தவற்றை.

மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு பாடசாலையில் நான் உயர்தர வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு கம்பியூட்டர் அனுப்பினார்கள். அது கொழும்பு வரைக்கும் சுகமாக வந்து, பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டி திறக்கப்பட்டு, கடைசியில் மூடியில் ஒரு நீளமான கீறலோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. விஞ்ஞான ஆய்வுகூடத்தின் பின்னால் அமிலப் போத்தல்கள் வைத்திருந்த ஒடுங்கிய அறையைக் காலியாக்கி அதில் வைத்தோம். அறையில் அமில வாசனை கடைசி வரை போகவில்லை. அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பு இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று என்னிடம், மற்றது என்னோடு கணிதம் படிப்பித்த நண்பரிடம்.

அவர் கொக்கட்டிச்சோலையில் இருந்து வந்து போகிறவர். வாவியின் அந்தப் பக்கம். சைக்கிளில் துறை வரைக்கும் வந்து, பாதையில் ஏறி வாவியைக் கடந்து, மறுபடியும் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்கு வருவார். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டையான படகைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அவருடைய ஊரில் மின்சாரம் இருக்கவில்லை. ஆகவே கம்பியூட்டரில் செய்ய விரும்பியதையெல்லாம் பாடசாலை முடிந்ததற்கும் கடைசிப் பாதை புறப்படுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் செய்தார்.

அவர் செய்தது ஒரு புத்தகம். உயர்தர மாணவர்களுக்குத் தமிழில் கேத்திரகணிதம். அப்போது நல்ல புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன, அவையும் எங்களுக்கு வந்து சேரவில்லை. நான் சிறப்புப் பட்டம் பெற்றவன். அவர் ஆசிரியர் கலாசாலையில் பயின்றவர். அந்தப் புத்தகத்தை எழுத வேண்டியவன் நான் என்று அதிபர் ஒருமுறை பகிடியாகச் சொன்னார். நான் சிரித்தேன். ஆனால் எழுதவில்லை. நண்பர் எழுதினார். ஒவ்வொரு படத்தையும் சுட்டியை இழுத்து இழுத்துத் தானே வரைந்தார். ஒரு வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைவதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

படங்கள் கூடக் கூட இடம் போதாமல் போனது. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் மிகச் சிறியது. அப்போதுதான் அவர் எங்கேயோ வாசித்துத் தெரிந்துகொண்டு, டிஸ்க் முழுவதையும் சுருக்கி வைக்கிற நிரலை ஓடவிட்டார். உள்ளே இருந்ததெல்லாம் ஒரு பெரிய மூட்டைக்குள் போய்விட்டது. நாங்கள் கேட்கும்போது அந்த நிரல் மூட்டையிலிருந்து எடுத்து விரித்துத் தரும். வெளியே பார்ப்பவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, இடம் மட்டும் இரண்டு மடங்காகியிருக்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இல்லாத இடத்தை எப்படி உண்டாக்குவது என்று கேட்டேன்.

"மச்சான், இந்தப் படத்தில என்ன இரிக்கி? நாலு கோடு. மிச்சமெல்லாம் வெள்ள. அவ்வளவு வெள்ளையையும் சுமக்க லொறி வேணுமா? இவ்வளவு வெள்ள எண்டு ஒரு வரி எழுதி வச்சாக் காணும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை. பிறகு நான் அதே விளக்கத்தை வேறு பாடசாலைகளில் என்னுடையது போலச் சொல்லியிருக்கிறேன்.

கம்பியூட்டர் பழுதானால் என்று புத்தகத்தின் பிரதியை டிஸ்கெட்டுகளில் எடுத்து வீட்டில் வைத்திருந்தார், அவற்றையும் சுருக்கத் தொடங்கினார். அதற்குக் காரணம் துறையில் இருந்த சோதனைச் சாவடி. டிஸ்கெட் என்றால் சந்தேகமான பொருள். ஒருநாள் சட்டைப் பையில் ஐந்தாறு கொண்டு போனபோது, ஒரு சிப்பாய் ஒவ்வொன்றாக எடுத்து, தகட்டை விலக்கி, உள்ளே இருந்த கறுப்புத் தட்டை வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறான். இதற்குள் என்ன என்று கேட்டிருக்கிறான். இவர் தன்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் "திரிகோண" என்றிருக்கிறார், முக்கோணம். சிப்பாய் கொஞ்ச நேரம் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, தான் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான் என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டானாம். ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். என்னிடம் மட்டும், அந்தச் சிப்பாயின் விரல் தட்டில் பட்டதில் ஒரு அத்தியாயம் போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு முழுப் புத்தகத்தையும் சுருக்கி இரண்டே இரண்டு டிஸ்கெட்டுகளில் அடக்கினார். பொருள் குறைந்தால் கேள்வியும் குறையும் என்பது அவருடைய கணக்கு.

அவர் செத்தது குண்டிலோ வெடியிலோ அல்ல. காய்ச்சல். மூன்றாம் நாள் கூடிவிட்டது. அன்று ஏதோ சுற்றிவளைப்பு, பாதை ஓடவில்லை. மறுநாள் பாதை ஓடியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தேவையிருக்கவில்லை. இதற்குமேல் அதைப்பற்றி என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வருடங்களில் எத்தனையோ பேர் இப்படி, துறையின் பிழையான கரையில் நின்று செத்தார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போனபோது அவருடைய மனைவியிடம் டிஸ்கெட்டுகளைப் பற்றிக் கேட்டேன். கூட்டமாக இருந்தது. தயிர்ச் சட்டியைத் தூக்கிக் கொண்டு நடந்தவர் நின்று, "ஓம் சேர், என்னட்டதான் இரிக்கி. பத்திரமா வச்சிரிக்கன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கம்பியூட்டர் என் பொறுப்பு. மாரி தொடங்கியது, மின்வெட்டும் கூடியது. மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற கருவிக்கு மின்கலம் வேண்டும். அது பழுதானபோது, தடைசெய்த பொருள் என்பதால் புதியது எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. ஒருநாள் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்து கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது கம்பியூட்டர் அந்தப் பெரிய மூட்டையின் ஒரு மூலை கிழிந்துவிட்டது என்பது போல ஏதோ சொன்னது. ஒரு வகுப்பின் புள்ளிகள் முழுவதும் போய்விட்டன. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் இதுதான் நடக்கும் என்று அதிபரிடம் சொன்னேன். செத்தவரைக் குறை சொல்கிறேன் என்று அதிபர் நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக் கொண்டார். நான் குறைதான் சொன்னேன்.

சுருக்கத்தை நீக்கத் தீர்மானித்தேன். பக்கத்து மாதா கோயில் சுவாமியிடம் கேட்டு, அவர்களுடைய ஜெனரேற்றரிலிருந்து ஒரு பின்னேரத்துக்கு வயர் இழுத்தேன். ஆனால் நீக்கச் சொன்னதும் கம்பியூட்டர் மறுத்தது. மூட்டையை அவிழ்த்தால் உள்ளே இருப்பதையெல்லாம் விரித்து வைக்க இடம் போதாதாம். எதையாவது அழிக்க வேண்டும்.

எதை அழிப்பது என்று பார்த்தேன். பாடசாலையின் கடிதங்கள் இருந்தன, பழைய வினாத்தாள்கள் இருந்தன, மாணவர்கள் விளையாடுவதற்கென்று யாரோ போட்டிருந்த விளையாட்டுகள் சிலவும் இருந்தன. நண்பரின் புத்தகமும் இருந்தது. சுருங்கியிருந்தபோது கையளவாக இருந்த அந்தப் படங்கள் விரிந்தால் டிஸ்க்கில் பாதியைப் பிடிக்கும். பொறாமையால் அழித்தேன் என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு விளங்க இலகுவாக இருக்கும். அது முழு உண்மை இல்லை. இடம் போதவில்லை, புத்தகம் டிஸ்கெட்டில் இருக்கிறது, ஆகவே அழித்தேன். ஆனால் விளையாட்டுகளையும் பழைய வினாத்தாள்களையும் அழித்துப் பார்த்துவிட்டுப் பிறகு புத்தகத்துக்கு வந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. என் கை முதலில் அங்கேதான் போனது. அது ஏன் என்று இத்தனை வயதிலும் எனக்குத் திருப்தியாகச் சொல்ல முடியவில்லை.

ஜெனரேற்றர் சத்தத்தில் அந்தப் பின்னேரம் முழுவதும் கம்பியூட்டர் ஒவ்வொரு கோப்பாக அவிழ்த்து வெளியே வைத்தது. நான் கதிரையில் இருந்து பார்த்துக் கொண்டே இருந்தேன். முடிந்ததும் எனக்கு ஒரு நிறைவு வந்தது. வேறு ஒருவர் போட்டுவைத்த அலுமாரியை ஒழுங்குபடுத்தி முடித்தவனுடைய நிறைவு.

முதலாம் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசம் நெருங்கியபோது நண்பரின் மனைவி பாடசாலைக்கு வந்தார். கடைசிப் பாடம் முடிந்து பிள்ளைகள் போய்க் கொண்டிருந்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு, வெள்ளைச் சேலையில், பாதை கடந்து, இரண்டு கரைச் சாவடிகளிலும் சோதனைக்கு நின்று வந்திருந்தார். டிஸ்கெட்டுகளை மகளுடைய பாடப் புத்தகத்தின் உறைக்குள் வைத்துக் கொண்டு வந்ததாகச் சொன்னார்.

எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்கு நினைவு மலர் அடிப்பார்கள். முப்பத்தோராம் நாளோ ஆட்டைத் திவசமோ, சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு வெற்றிலையோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் படம், பிறகு வரலாறு, புலம்பல், அதன் பின்னால் வீட்டில் வைத்திருந்து பயன்படுத்த ஏதாவது. அநேகமாகத் தேவாரங்கள்.

"தேவாரம் எல்லாரும் அடிக்கிறதுதானே சேர்" என்றார். "இவர்ர கணக்குப் புத்தகத்தயே அடிச்சிக் குடுத்தா என்ன எண்டு யோசிச்சன். படிக்கிற பிள்ளைகள் இல்லாத வீடு எங்க இரிக்கி? இவர்ர பேரும் கிடக்கும்."

நல்ல யோசனை என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த அறைக்குக் கூட்டிப்போய், தாயையும் மகளையும் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு, முதல் டிஸ்கெட்டைப் போட்டேன்.

உள்ளே புத்தகம் இல்லை. சின்னக் கோப்பு ஒன்று மட்டும் இருந்தது. திறந்தேன். ஆங்கிலத்தில் சில வரிகள். முதல் வரியில் பாதியைப் பார்த்தேன். டிஸ்கெட் செய்கிற கம்பனிக்காரன் போட்டு அனுப்புகிற ஏதோ அறிவித்தல் என்று நினைத்து மூடிவிட்டேன். இரண்டாவது டிஸ்கெட்டிலும் அதேதான் இருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்ததென்று என்னோடு படிப்பித்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சில வரிகளை நான் வாசிக்கவில்லை.

"ஒண்டும் இல்லையே, தங்கச்சி."

"ஒண்டும் இல்லையெண்டா? எழுதினதெல்லாம் எங்க போன?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு கணிதப் பட்டதாரிக்கு, அவன் பொறுப்பில் இருக்கிற இயந்திரத்தைப் பற்றி, ஒரு பிள்ளையின் முன்னால், தெரியவில்லை என்ற சொல் வரவில்லை. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

கூரையில் என்றார். சிப்பாய்கள் சோதனைக்கு வரும்போது பயம், அதனால் பால்மா டின்னுக்குள் போட்டு, கூரை வளைமரத்துக்கும் தென்னோலைக் கிடுகுக்கும் இடையில் செருகி வைத்திருந்திருக்கிறார். அவருடைய தம்பி, எல்லோரும் நகைகளையும் காணி உறுதிகளையும் செய்வது போல, மண்ணுக்குள் தாட்டு வைக்கத்தான் சொன்னானாம். மாரியில் வாவி பெருகினால் வளவுக்குள் தண்ணீர் நிற்கும், அதனால் கூரைதான் நல்லதென்று தானே யோசித்து வைத்ததாகச் சொன்னார். பிறகு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கேள்வியை அவரே கேட்டார்.

"கிடுகு ஒழுகித் தண்ணி பட்டிரிக்குமா சேர்?"

நான் அதைப் பிடித்துக் கொண்டேன். இருக்கலாம் என்றேன்.

"துணி சுத்தித்தான் வச்சன். எடுக்கக்குள்ள துணி காஞ்சுதான் கிடந்திச்சி."

இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் எனக்குச் சாட்சி சொன்னார். துணி காய்ந்திருந்தது என்றால் தண்ணீர் படவில்லை. கணிதம் படித்த எவனும் அந்த இடத்தில் நின்று யோசிப்பான். நான் என்ன செய்தேன் என்றால், படித்த குரலில் விளக்கம் சொன்னேன். ஈரம் என்றால் கையில் பட வேண்டுமென்பதில்லை, காற்றிலும் ஈரம் இருக்கிறது, கூரைக்குக் கீழே புழுக்கம் அதிகம், இந்தத் தட்டில் எழுதியிருப்பது காந்தத்தால், அதைக் குலைக்க அந்த ஈரமே போதும் என்றேன். ஒவ்வொரு வசனமும் உண்மை போல இருந்தது. அவர் தலையை ஆட்டிக் கொண்டே கேட்டார். மகள் தாயைப் பார்த்தாள்.

"அப்ப நான்தான்" என்றார்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. கவலைப்படாதீர்கள், வேண்டுமென்று செய்ததா என்றேன். அது குற்றத்தை உறுதிப்படுத்திவிட்டு மன்னிப்பும் கொடுக்கிற பேச்சு.

என்னிடம் வேறு பிரதி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கம்பியூட்டருக்குள்ளும் அந்தப் புத்தகம் இருந்ததென்றோ, அதை நான் அழித்தேன் என்றோ அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. போகும்போது, வெறும் தட்டுகளைக் கொண்டுபோய் என்ன செய்ய, பிள்ளைகளுக்குப் பயன்பட்டால் வைத்திருங்கள் என்று இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

டிஸ்கெட் தட்டுப்பாடான காலம். அடுத்த கிழமையே அவற்றைப் புதிதாக எழுதுவதற்கு ஏற்றபடி துடைத்தேன். ஈரம் பட்ட டிஸ்கெட்டைத் துடைக்கும்போது கம்பியூட்டர் இடையிடையே திணறும். பழுதான இடங்களைக் குறித்துச் சொல்லும். இவை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான சத்தத்தோடு ஓடி முடிந்தன. ஒரு இடம்கூடப் பழுதில்லை. அப்போது எனக்குள் ஏதோ ஒன்று தட்டியது. தட்டியதை நான் அறிந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கையில் வேலை இருந்தது. அந்த டிஸ்கெட்டுகளில் தவணைப் பரீட்சை வினாத்தாள்களை எழுதிவிட்டு எழும்பினேன்.

நினைவு மலர் வந்தது. தேவாரங்கள்தான் இருந்தன. கடைசிப் பக்கத்தில், இடம் மிஞ்சியதாலோ என்னவோ, வாய்ப்பாடு அடித்திருந்தார்கள். கணித ஆசிரியரின் மலர் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

அடுத்த வருடம் பழைய வினாத்தாள் ஒன்று தேவைப்பட்டது. நான் தயாரித்தது, நண்பர் உயிரோடு இருந்தபோது தன்னுடைய முறைப்படி டிஸ்கெட்டில் போட்டுத் தந்திருந்தார். அதைத் தேடியெடுத்துப் போட்டேன். வினாத்தாள் இல்லை. அந்தச் சின்னக் கோப்பு இருந்தது.

இந்த முறை வாசித்தேன், கடைசிச் சொல் வரைக்கும். என்னுடைய பொருளைத் தேடிக் கொண்டிருந்தேன் அல்லவா. இந்த டிஸ்கெட் சுருக்கப்பட்டது, உள்ளே இருப்பவை தெரிய வேண்டுமானால் இன்னது செய்யவும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்பதும் இருந்தது. சுருக்கம் இயங்கிக் கொண்டிருந்த காலத்தில் கம்பியூட்டர் தானாகவே அந்த டிஸ்கெட்டுகளை விரித்துக் காட்டியது, நாங்கள் எதையும் கவனிக்கத் தேவையிருக்கவில்லை. அதை நீக்கியபோது விரிக்கிறவனையும் நான் வெளியே அனுப்பிவிட்டேன். மூட்டை மட்டும் மிஞ்சியது.

நீக்கிய நிரலை மூல டிஸ்கெட்டுகளிலிருந்து திரும்பப் போட்டு, சொன்னபடி செய்தேன். என் வினாத்தாள்கள் எல்லாம் ஒன்றும் குறையாமல் வந்து நின்றன.

அவருடைய புத்தகமும் அப்படியே வந்திருக்கும். அவர் மனைவி பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்த அந்தப் பின்னேரத்திலேயே வந்திருக்கும். அந்த இரண்டு டிஸ்கெட்டுகளையும் உடனே தேடிப் போட்டுப் பார்த்தேன். என் வினாத்தாள்களுக்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. மீட்கிற வழிகள் எனக்குத் தெரிந்த அளவில் எல்லாம் செய்தேன். கம்பியூட்டரை நிறுத்தினேன். பிறகு மூன்றாம் பாடத்துக்கு மணி அடித்தது, போனேன்.

அன்றே பாதை ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில், துறையில் பிரச்சினை என்று எனக்கே காரணம் சொன்னேன். அது ஒரு கிழமைக்குப் பொய்யில்லை. பிறகு, போன புத்தகம் போனதுதான், சொல்லி அந்தப் பெண்ணை இன்னும் ஏன் வருத்துவது என்றேன். இதை நான் கருணை என்றுகூட நினைத்தேன். அவர் எதைச் சுமக்கிறார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என் காதுக்கு வந்தது. கொக்கட்டிச்சோலையிலிருந்து வருகிற ஒரு ஆசிரியை ஆசிரியர் அறையில் பேச்சுவாக்கில் சொன்னார்: ஊரில் ஒரு மழை பெய்து யாருடைய கூரையாவது ஒழுகினால், "அக்காட கூரை கணக்கையே குடிச்சிற்றுது, இது என்ன" என்று அந்தத் தம்பி பகிடி விடுவானாம். எல்லோரும் சிரிப்பார்களாம். அக்காவும் சிரிப்பாராம். ஆசிரியர் அறையிலும் சிலர் சிரித்தார்கள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக் கொண்டேன்.

அப்படியே வருடங்கள் போயின. அந்தக் கம்பியூட்டரும் போனது, வேறு வந்தது. நான் ஓய்வு பெற்றேன். சண்டை சில காலம் ஓய்ந்து சாவடிகளில் தளர்வு வந்தபோது, நண்பரின் மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து, தாயும் மகளும் களுவாஞ்சிக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மகள் என்ன பாடம் என்று கேட்டேன். கணிதம் என்றார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பஸ் ஏறினேன்.

மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள். தாய் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார். மெலிந்திருந்தார். தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்து வைத்தார். வீடு சீற் போட்டது, மழைக்குப் பயமில்லை என்று கூரையைக் காட்டிச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு தேத்தண்ணியைத் தொட முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததை, வாசிக்காமல் மூடியதை, துடைத்ததை, பிறகு தெரிந்துகொண்டதை. கம்பியூட்டரைப் பற்றிய பகுதி அவருக்கு விளங்காதோ என்று இரண்டாம் தரம் விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப நனையல்ல."

"இல்ல, தங்கச்சி."

"கூரையில வச்சது பிழையில்ல."

"பிழையில்ல."

அவர் அழவில்லை. வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு கோழி உள்ளே வரப் பார்த்தது, அதை விரட்டினார். பிறகு பேசியபோது குரல் தாழ்ந்துதான் இருந்தது, அதில் கோபம் இருந்ததா என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

"இவர்ர அம்மா என்னோட பேசாமலே செத்தா சேர். மகன்ர ஒரே ஒரு பொருள், அதயும் நனைய விட்டுட்டாள் எண்டு. கடைசியாத் தண்ணி குடுக்கவும் என்னை விடல்ல. அவக்கு இனி எப்பிடிச் சொல்லப் போறீங்க?"

ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் ஆராருக்கெல்லாம் சொன்னன், நான்தான் நனைய விட்டதெண்டு. கேட்ட ஆக்களுக்கும் சொன்னன், கேக்காத ஆக்களுக்கும் சொன்னன். அவங்களுக்கு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

மன்னிக்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மகள் வரும்வரை இருக்கச் சொன்னார். மகள் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் "சேர் ஒண்டு சொல்லணுமாம், இரி" என்றார். எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து சொன்னேன். மகள் கேட்டுவிட்டு, தாயிடம் மட்டும் பேசினாள்.

"நான் அண்டைக்கே சொன்னன்தானே அம்மா, துணி காஞ்சிரிந்திச்சி எண்டு."

தாயோடு வந்து பின்னால் நின்ற சின்னப் பிள்ளை அவள். எனக்கு அவள் அன்று பேசிய ஞாபகமே இல்லை. பாதையில் திரும்பிப் போகும்போது தாயிடம் சொல்லியிருக்கிறாள். சேருக்குத் தெரியாததா என்று தாய் அவளுடைய வாயை அடக்கியிருக்கிறார்.

அடுத்த கிழமை துறைக்குப் போனேன். பாதையில் ஏறி, வெகு காலத்துக்குப் பிறகு வாவியைக் கடந்தேன். பகிடி விட்ட தம்பி வீட்டில் இல்லை, அறுவடைக்கு வட்டையில் நிற்பதாகச் சொன்னார்கள். வயல்வெளிக்கு நடந்து போய், வரம்பில் நின்றுகொண்டு அவனிடம் சொன்னேன். நரைத்துப் போயிருந்தான். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நான் பகிடிக்குத்தானே சேர் சொன்ன" என்றான்.

துவாயைத் திரும்பக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டான். அன்று பின்னேரமே களுவாஞ்சிக்குடிக்குப் போய் அக்காவைப் பார்த்தான் என்று பிறகு அறிந்தேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

மற்றவர்களையும் தேடிப் போனேன். ஆசிரியர் அறையில் அந்தப் பகிடிக்குச் சிரித்தவர்களிடம் சொன்னேன். சிலருக்கு அது ஞாபகமே இல்லை. அதிபர் அப்போது படுக்கையில் இருந்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கியதோ தெரியாது. ஊரில் இன்னும் பலர் இருந்தார்கள். ஆனால் சாவடிகள் மறுபடியும் இறுகின, சண்டை திரும்ப வந்தது, வாவியின் அந்தப் பக்கத்து ஆட்கள் ஊரோடு எழும்பி அகதி முகாம்களுக்கு வந்தார்கள். யார் எங்கே என்று தெரியாமல் போனது. சிலர் செத்துப் போனார்கள். சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். இப்போது எனக்குத் துறை வரைக்கும் நடக்கவும் கால் விடுவதில்லை.

நண்பரின் மனைவி இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் சொன்ன வேலையை நான் முடிக்கவில்லை. ஆகவே நேரில் சொல்ல முடியாமல் போனவர்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த டிஸ்கெட்டுகள் நனையவில்லை. அவற்றை எடுத்தபோது, சுற்றியிருந்த துணி காய்ந்துதான் கிடந்தது.